கண்ணாடி அலமாரியின் சாவி

ஹில்லியின் விரல்களுக்கு முதலில் அகப்பட்டது மருந்துக் குப்பி அல்ல. சில்லென்ற ஏதோ ஓர் உலோகம். அதைக் கட்டிலின் மேல் வீசிவிட்டு, நாற்காலியில் தொங்கிய வெயிஸ்ட்கோட்டின் இன்னொரு பைக்குள் கைவிட்டாள். நாலைந்து பெப்பர்மின்ட் மிட்டாய்கள். ஒரு கைக்குட்டை. அந்தக் கைக்குட்டைக்குள் பொதிந்து கிடந்தது குப்பி.

“வாயத் திற. நாக்க மேல தூக்கு.”

அண்ணன் ஆரெண்ட் கீழ்ப்படிந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர் பள்ளிக்கூடப் பையனைப்போல நாக்கைத் தூக்கிக் காட்டியது, வேறொரு நாளாக இருந்தால் அவளைச் சிரிக்க வைத்திருக்கும். நெஞ்சுவலி மருந்தை நாக்கின் அடியில் பீய்ச்சி அடித்தாள். அவர் முகம் நனைந்த சுண்ணாம்புச் சுவரின் நிறத்தில் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மார்ச் மாதத்துக் குளிரில், இன்னும் சரியாகச் சூடு ஏறாத அந்த மாடி அறையில், வியர்வை.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்க அவளுக்குத் தெரியாது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“குறையுதா?”

அவர் கண்கள் போர்வையின் மேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஹில்லி, அது என்ன?”

அவளும் அப்போதுதான் பார்த்தாள். சின்னப் பித்தளைச் சாவி. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியது. அந்த நூலைக் கட்டியவளே அவள்தான்.

கண்ணாடி அலமாரியின் சாவி.

கீழே தெருவில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நாட்டின் தென்கோடியில் இருக்கும் இந்த மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் ஆண்டுதோறும் கூடும் அந்தக் கலைச்சந்தைக்கு உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். தொலைவில், வடக்கே டெவென்டரில் ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் பழைய கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்திருந்த ஆரெண்டுக்கும் ஹில்லிக்கும் இந்த வருஷம்தான் அதற்குள் கால்வைக்க இடம் கிடைத்தது. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைதான் அவர்களுடைய குடும்பம். பேசுவது அண்ணன் வேலை; கழுவித் துடைப்பது தங்கை வேலை. மண்டபத்தின் கடைசி மூலையில், கழிப்பறைக்குப் போகும் வழியில், அவர்களுக்கு ஒரு சிறிய அரங்கு ஒதுக்கியிருந்தார்கள். “நல்லதாப் போச்சு, எல்லாரும் எப்படியும் ஒரு தடவ இந்தப் பக்கம் வந்தே ஆகணும்” என்று ஆரெண்ட் சொல்லிச் சிரித்திருந்தார்.

சந்தை திறப்பதற்கு முன்னால் சோதனை நாள் என்று ஒன்று உண்டு. வியாபாரிகள் பொருள்களை அடுக்கி வைத்துவிட்டு, நண்பகலில் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். அதன்பிறகு நிபுணர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒவ்வொரு பொருளையும் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். சொன்ன காலத்தைச் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்குத் திருப்தியானால் பொருள் இருந்த இடத்தில் இருக்கும். இல்லையென்றால் சந்தை முடியும்வரை ஓர் அறைக்குள் போய்விடும். மறுநாள் பிற்பகல் கதவு திறக்கும்போதுதான் எது இருக்கிறது, எது போயிற்று என்று தெரியும். அதனால் வெளியேறும்போது எல்லா அலமாரிகளும் திறந்திருக்க வேண்டும். சாவிகள் பூட்டிலேயே இருக்க வேண்டும். பூட்டிய அலமாரி, பார்க்கப்படாத அலமாரி. அதை அப்படியே மூடி முத்திரை வைத்துவிடுவார்கள்.

அந்த அலமாரியில் இருந்தது ஒரே ஒரு பொருள். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை நிறக் கோப்பை. அதன் வயிற்றில் முன்னூறு வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் வைர முனையால் ஒரு தும்பியைக் கீறியிருந்தார். முன்னூறு வருஷம் என்பது ஆரெண்ட் சொன்னது. கோப்பை பழையதுதான், தும்பி பின்னாளில் வேறு யாரோ கீறியது என்று சொன்னவர்களும் உண்டு. இளவயதில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில், சமையல் சாமான்களோடு சாமானாக ஒரு பெட்டிக்குள் கிடந்ததை அவர் கண்டெடுத்தார். அன்றிலிருந்து விற்காமலே வைத்திருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்து, ஆமாம், தும்பியும் பழையதுதான் என்று சொல்ல வேண்டும்; அதுதான் அவருக்கு வேண்டியது. அப்புறம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி.

இன்று நண்பகலில் எல்லோரும் வெளியேறுமாறு ஒலிபெருக்கி சொன்னபோது, ஆரெண்ட் எழுந்தார். அலமாரிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். எடுத்து வெயிஸ்ட்கோட் பையில் போட்டு, பையை இரண்டு தட்டுத் தட்டினார். கடை சாத்தும் நேரத்தில் வாழ்நாள் முழுக்கச் செய்தது. பக்கத்தில் நின்ற ஹில்லியும் அதைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததால் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

“கோட்ட எடு. நான் போயிட்டு வந்துடறேன்” என்று ஆரெண்ட் எழுந்திருக்கப் பார்த்தார்.

“படு! உனக்கென்ன பைத்தியமா? நான் ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்.”

“கூப்பிடு. நான் ஏறிப் படுத்துக்கிட்டு, வண்டிய மண்டபத்துக்கு விடுன்னு சொல்லுவேன்.”

“ஆரெண்ட், விளையாடாத.”

“நான் விளையாடல.” அவர் குரல் இறங்கியது. “வலி விட்டுடுச்சு. எப்பவும் வர்றதுதானே. மருந்து அடிச்சா போயிடும். இப்பவும் போயிடுச்சு. அந்தச் சாவி மட்டும் போய்ச் சேரட்டும், ஹில்லி. அப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க வர்றேன்.”

வலி விட்டுவிட்டதா? ஹில்லி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கோப்பையில் மயிரிழை விரிசல் இருந்தால் விளக்கில்லாமலே கண்டுபிடிப்பாள். இந்த முகத்தில் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஃபீன் வந்தாள். வீட்டுக்காரி. ரொட்டிக்கடைக்காரரின் விதவை. ஒவ்வொரு மார்ச் மாதமும் இந்த மாடி அறையைச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். கையில் காபித் தட்டு. அதில் பெரிய துண்டாக அரிசி டார்ட். தவக்காலம் என்று அவள் இனிப்பைத் தொடுவதில்லை, விருந்தாளிகளுக்காக மட்டும் சுடுவாள். காலையில்தான் ஆரெண்ட் அவளைச் சீண்டியிருந்தார்: “நீங்க சாப்பிடாம இருக்கிறது சரி, இந்த வாசனையத் தெருவுக்கே அனுப்பறது பாவக் கணக்குல சேராதா?” அவளும் விடவில்லை. “ஆத்துக்கு வடக்க இருக்கிற உங்க ஊர்ல, காபிக்கு ஒரு பிஸ்கட்டக் குடுத்துட்டு டப்பாவ மூடிடுவீங்களாமே, அது எந்தக் கணக்கு?”

இப்போது அவள் ஆரெண்டைப் பார்த்தாள். தட்டை மெதுவாக வைத்தாள்.

“என்னங்க ஆச்சு?”

ஹில்லி சொன்னாள். முன்னும் பின்னுமாக, சாவியையும் நெஞ்சுவலியையும் கலந்து சொன்னாள். ஃபீன் கீழேபோய்த் தொலைபேசியில் மண்டபத்து அலுவலகத்தைப் பிடித்துக் கொடுத்தாள். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வேறு யார் கொண்டுவந்தாலும் வாங்க முடியாது. அரங்கின் அனுமதி அட்டை வைத்திருப்பவர்தான் நேரில் வர வேண்டும். உள்ளே விடமாட்டோம், பின்வாசலில் ஒப்படைக்கலாம். விதி அதுதான் என்றாள்.

அட்டை இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

“நான் போகமாட்டேன்” என்றாள் ஹில்லி, மாடிப்படியில் நின்று. “உங்க முன்னாடியே சொல்றேன். இவர இப்படி விட்டுட்டு நான் போகமாட்டேன்.”

“போகலேன்னா அவர் எழுந்து போவார்” என்றாள் ஃபீன். “அந்த மாதிரி ஆளோட நானும் குடும்பம் நடத்தியிருக்கேன். அடுப்புல ரொட்டி இருக்குன்னு, காய்ச்சலோட எழுந்து போனவர்.” கொஞ்சம் யோசித்தாள். “நான் டாக்டர வரச் சொல்லிடறேன். அவர் வர்ற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கைய விடமாட்டேன். என் சைக்கிள எடுத்துக்குங்க. கார்ல போனா பாலத்துல மாட்டிக்குவீங்க, ஊர் பூராச் சந்தைக்காரங்க.”

ஹில்லி மேலே போனாள். டாக்டர் வருவார் என்றதற்கு ஆரெண்ட் தலையசைத்தார். இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சம்மதித்ததில்லை. அதுவும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஜன்னலில் காற்று வருகிறது என்று அவர் முனகியதால், அதை இறுகச் சாத்தி, இடுக்கில் ஒரு துவாலையைச் செருகினாள். போர்வையைக் காலடியில் மடித்துவிட்டாள். மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் கைக்குள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீளும்போது சின்ன வயதில் அவர் அவளுக்குக் கொடுப்பது அது.

“போற வழியில பாத்துப் போ. நீ ஓட்டறது ரொம்ப மோசம்” என்றார் ஆரெண்ட்.

“நீ பேசாம படு.”

“அந்தக் கோப்பைய யாராவது ரொம்பக் கிட்டப் போய்ப் பார்த்தாங்கன்னா—”

“தெரியும். மூச்ச வீட்டுலயே வச்சிட்டு வாங்கன்னு சொல்றேன்.”

கடையில் அலமாரிக் கண்ணாடியின் மேல் மூச்சுவிடும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவர் சொல்வது அதுதான். சொல்லி முடிப்பதற்குள் ஹில்லி துணியோடு வந்து அந்த ஆவியைத் துடைத்துவிடுவாள். ஆரெண்ட் சிரித்தார். ஃபீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள்.

ஃபீனின் சைக்கிள் உயரமானது. முன்னால் ரொட்டி வைக்கும் பெரிய கூடை. கல்பாவிய தெருவில் அது கடகடவென்று ஆடியது. சாவியைப் பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. இடது உள்ளங்கையில் வைத்து, அதன் மேலேயே கைப்பிடியைப் பிடித்திருந்தாள். பித்தளை சதையில் அழுந்தியது. தெரு முழுக்க வெளியூர்க்காரர்கள். நல்ல கோட்டுப் போட்டவர்கள், கழுத்தில் சுருக்கிய துணி கட்டியவர்கள், கடைவாசலில் மது அருந்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பவர்கள். அவர்களைத் தாண்டும்போதெல்லாம் மணியடித்தாள். “மெதுவா, அம்மா!” என்றார் ஒருவர்.

ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்குமேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. சாவி போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால், அது அண்ணனைக் கேட்காததுபோல் ஆகிவிடுமோ? அண்ணனை மட்டும் கேட்டால், அவர் கேட்டதைத் தான் கேட்காததாக ஆகிவிடுமோ? மிதிக்க மிதிக்க இந்தக் கணக்கு அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். நடுப்பாலத்துக்கு வந்தபோது, பின்னால் தேவமாதா கோயிலில் மாலை மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று ஒன்றாக, இடைவெளிவிட்டு. அப்புறம் இடைவிடாமல். கீழே மாஸ் ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹில்லி ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அவர்கள் சபையில் இப்படி மாலை மணிக்கு ஜெபிக்கும் வழக்கமெல்லாம் இல்லை. இருந்தாலும் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கூரைகளுக்கு நடுவில் ஃபீனின் வீடு எது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா? கையை விரித்தாள். சாவியின் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

மணி ஓய்ந்தது. அவள் ஏறி மிதித்தாள்.

பின்வாசலில் நின்ற காவலாளி ஆஜானுபாகுவான மனிதர். அட்டையைப் பார்த்தார், கூடை வைத்த சைக்கிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க. நீங்க உள்ள போகக்கூடாது. ஆனா நான் கூப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியில் பேசினார். வெகுநேரம் போலத் தோன்றிய கொஞ்ச நேரத்தில், நெடுநெடுவென்று ஒரு பெண் வந்தாள். நரைமுடி; கழுத்தில் ஒரு சிறு விளக்கு தொங்கியது. பழைய கண்ணாடிகளைச் சோதிக்கும் குழுவின் தலைவி என்று காவலாளி சொன்னார். ஹில்லி எழுந்து சாவியை நீட்டினாள். சிவப்பு நூல் வியர்வையில் நனைந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க. எங்க அண்ணன் பூட்டிட்டார். கடையப் பூட்டறாப்பல பூட்டிட்டார். தெரியாம நடந்தது. அதுக்காக முத்திர வச்சிடாதீங்க...”

“அட, இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க?” அந்தப் பெண் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். “ரொம்ப நாள் கட வச்சிருந்தவங்கள்ல வருஷத்துக்கு ஒருத்தராவது இதச் செய்வாங்க. விதின்னா விதிதான். ஆனா நாங்க அதக் கடைசியாப் பார்க்கலாம்னு தள்ளி வச்சிடுவோம். நாளைக்குக் காலையில நாங்களே போன் பண்ணிக் கேட்டிருப்போம்.”

ஹில்லி அப்படியே நின்றாள். நாளைக்குக் காலையில்.

“என்னங்க? உங்களுக்கு உடம்புக்கு முடியலையா?”

“எனக்கில்ல. எங்க அண்ணனுக்கு. நெஞ்சு வலி. அறையில படுத்திருக்கார்.”

சிரிப்பு அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து போய்விட்டது. “அப்போ ஏங்க இங்க நிக்கறீங்க? போங்க!” என்றவள், ஹில்லி சைக்கிளைத் திருப்பும்போது பின்னாலேயே வந்தாள். “கேளுங்க. முடிவு என்னன்னு நான் சொல்லக்கூடாது. எனக்கே இன்னும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லலாம். குழு அடுத்த அரங்குக்குப் போனப்புறம், நான் மட்டும் திரும்ப வந்து, பூட்டின கண்ணாடி வழியா அந்தத் தும்பியப் பாத்துட்டு நின்னேன். ரொம்ப நேரம். அத அவர்கிட்ட சொல்லுங்க.”

திரும்பும்போது காற்று எதிரில் அடித்தது. அவள் அந்த வாக்கியத்தையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். பூட்டின கண்ணாடி வழியா. ரொம்ப நேரம். எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள். முதலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரைக் கொஞ்சம் தவிக்கவிட வேண்டும். அப்புறம் சொல்ல வேண்டும். அவர் நம்பமாட்டார். இன்னொரு தடவை சொல் என்பார்.

பாலத்து இறக்கத்தில், ஆமாம், இதற்காகத்தான் கர்த்தர் என்னைப் போக வைத்தார் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

தெருமுனையில் திரும்பினாள். வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. டாக்டருடையதாக இருக்க வேண்டும். நிம்மதியாக நிமிர்ந்து பார்த்தாள்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது.

அவள் இறுகச் சாத்தி, இடுக்கில் துவாலை செருகிய ஜன்னல். இரண்டு கதவுகளும் அகலத் திறந்து, திரைச்சீலை வெளியே வந்து சுவரில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில். இந்தப் பக்கத்தில் எதற்காக ஜன்னலை அப்படித் திறந்து வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மாகூட, இதெல்லாம் மூடப்பழக்கம் என்று சொல்லிக்கொண்டே, அப்பா இறந்த அன்று, உயிர் தடையில்லாமல் வெளியே போகட்டும் என்று, அவர் அறையில் அப்படித் திறந்து வைத்தாள்.

ஹில்லி சைக்கிளிலிருந்து இறங்கினாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். அது விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தாள். பூட்ட வேண்டுமா என்று யோசித்தாள். உள்ளே போகாதவரை அது நடக்கவில்லை. கூடையின் பிரம்பைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் திரைச்சீலை அடித்தது. யாரோ ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள், “நல்லாக் குளிருது இல்ல?” என்றாள். “ஆமாங்க” என்றாள் ஹில்லி.

அப்போதுதான் கதவு திறந்தது. ஃபீன் வெளியே வந்து, பிரம்பிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

ஆரெண்ட் தூங்குகிறவரைப்போல இருந்தார் என்று சொல்ல முடியாது. தூங்கும்போது அவர் வாய் திறந்திருக்கும், குறட்டை கேட்கும். இப்போது யாரோ வாயை மூடி, முடியை வாரிவிட்டிருந்தார்கள். உள்ளங்கையில் மிட்டாய் அப்படியே இருந்தது. போர்வையின் காலடி மடிப்பு அவள் விட்டதுபோலவே இருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். அவர் வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. ஹில்லி அவரைப் பார்த்து, “நான் போகாம, அப்பவே ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருந்தா?” என்று கேட்டாள். வார்த்தை வார்த்தையாகத்தான் அவளால் கேட்க முடிந்தது.

அவர் பையை மூடிவிட்டு, அவள் எதிரில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியலைங்க. தெரியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க” என்றார். “அவர் தனியா இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும். நான் வந்தப்பக்கூட அந்தம்மா அவர் கைய விடல.”

டாக்டர் போனபிறகு இரண்டு பெண்களும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஃபீன் ஒரு கோப்பையை ஹில்லியின் கையில் வைத்தாள், சூடான பால்.

“குடிங்க. அவர் சொன்னது. அவளுக்கு மூச்சு வாங்கும், வந்ததும் குடிக்க ஏதாவது குடுங்கன்னார். அதுதான் கடைசியாச் சொன்னது.”

ஹில்லி குடித்தாள்.

ஃபீன் தன் ஏப்ரனின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. சொல்லப் பயப்படுகிறாள் என்றும் தெரிந்தது.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டார். சாவி போய்ச் சேர்ந்துச்சான்னார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கண்ணெல்லாம் அப்படிப் பயந்து கெடந்துச்சு.” அவள் குரல் உடைந்தது. “சேர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். போன் வந்துச்சு, நீங்க குடுத்துட்டீங்கன்னு சொல்லிட்டேன். போன் எதுவும் வரல. கோயில்ல அப்போ மாலை மணி அடிச்சிட்டிருந்துச்சு. ஜெபம் பண்ண வேண்டிய நேரம். தவக்காலம் வேற. சாகக் கெடக்கிற மனுஷன்கிட்ட, மணி அடிக்க அடிக்க, வாய் கூசாமப் பொய் சொல்லிட்டேன். அதக் கேட்டதும் கண்ண மூடினார். உங்களுக்குக் குடிக்கக் குடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். மணி நிக்கிறதுக்குள்ள...”

ஹில்லி அவளைப் பார்த்தாள். நடுப்பாலத்தையும் பழுப்பு ஆற்றையும், விரித்த கையில் கிடந்த சாவியையும் பார்த்தாள்.

அவர்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது ஒட்டுப்போட்டிருந்தால், விளிம்பில் ஒரு துளி உடைந்திருந்தால், வாங்குகிறவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். அதனால் போன வியாபாரம் எத்தனையோ. பொய் என்று ஒன்றை ஹில்லி தன் நினைவறிந்து சொன்னதில்லை.

“மணி அடிச்சப்பவா?” என்றாள்.

“ஆமா.”

“அப்போ அது பொய் இல்ல, ஃபீன். மணி அடிச்சப்போ நான் பின்வாசல்ல நின்னுட்டிருந்தேன். சாவியக் குடுத்துட்டேன். அங்கேயும் மணிச் சத்தம் கேட்டுச்சு.”

ஃபீன் ஏப்ரனைச் சுருட்டுவதை நிறுத்தினாள். “நெஜமாவா?”

“நெஜமா.”

ஃபீன் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அழுதாள். கட்டிலைச் சுற்றி வந்து, ஹில்லியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பில் வெண்ணெயும் பட்டையும் மணத்தது. இந்த மாதிரிப் பொய்களைக் கடவுள் எந்தப் பக்கத்தில் எழுதுவார் என்பது நமக்குத் தெரியாது. அவரும் ஒரு காலத்தில் மனிதர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்தான்.

மறுநாள் பிற்பகல் மண்டபத்தின் கதவைத் திறந்தார்கள். ஆரெண்டை டெவென்டருக்கு எடுத்துப்போக வண்டி மாலையில்தான் வரும்.

“போய்ப் பாத்துட்டு வா” என்றாள் ஃபீன். எப்போது அவள் ‘வாங்க’விலிருந்து ‘வா’வுக்கு வந்தாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. “என் தங்கச்சி அவர் பக்கத்துல உக்காந்திருப்பா. வாயாடி. அவருக்குப் பொழுது போகும்.”

“நீயும் வா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு.”

ஃபீன் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆரெண்டின் அட்டையைக் காட்டி, காவலாளியிடம் ஹில்லி எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்டு முடிக்கும் முன்பே தொப்பியைக் கழற்றிவிட்டு இருவருக்கும் வழிவிட்டார்.

மண்டபத்தில் வியாபாரிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வெறும் பீடத்தின் முன்னால் தலையில் கைவைத்து நின்றார். யாரோ சிரித்தார்கள். ஹில்லி தரையையே பார்த்து நடந்தாள். கழிப்பறைக்குப் போகும் திருப்பம் வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

“நீ பாரு” என்றாள். “இருக்கான்னு நீ பாத்துச் சொல்லு.”

ஃபீன் முன்னால் போனாள்.

“பச்சையா ஒண்ணுதானே?”

ஹில்லி வந்தாள். அலமாரிக் கதவு பாங்காகச் சாத்தியிருந்தது. பூட்டில் சாவி, அதில் சிவப்பு நூல். உள்ளே, சிறு விளக்கின் கீழே கோப்பை இருந்தது. ஆரெண்ட் வைத்த இடத்திலிருந்து அதைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார்கள். இப்போது வழியில் போகிறவர்களுக்கே தும்பி தெரியும்.

“எங்க, எங்க? எனக்குத் தெரியலையே” என்று ஃபீன் கிட்டப் போய்க் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினாள். “ஐயோ, ஆமா! இறக்கை! அந்த நரம்பெல்லாம்கூடத் தெரியுது பாரேன்!”

அவள் மூச்சு அலமாரிக் கண்ணாடியின் மேல் படிந்து ஒரு வெள்ளை வட்டமாகி, தும்பியை மறைத்தது.

ஹில்லியின் கை தானாகப் பைக்குள் போய்த் துணியை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது. அவள் துடைக்கவில்லை. அந்த ஆவி ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் சுருங்குவதை, கடைசித் துளி மறையும்வரை, பார்த்துக்கொண்டிருந்தாள்.